நான்காம் முனையில் வலது கால்

மலைச்சரிவு சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அவர்களுக்கு,

பிப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தங்கள் சங்கம் நடத்திய போட்டியில் என் அக்கா இறந்தாள். அதற்கு நானே காரணம் என்று, மார்ச் பன்னிரண்டாம் தேதியிட்ட தங்கள் விசாரணை அறிக்கையின் மூன்றாம் பத்தி கூறுகிறது. அதன் சொற்கள் இவை: “போட்டியாளர் எண் 27-இன் வலது கால் பெடலிலிருந்து விடுபடவில்லை. பெடலைப் பொருத்திய அவருடைய தம்பி அதன் பிடியை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்.” இவ்விரண்டு வாக்கியங்களில் இரண்டாவதை ஆவணத்தோடு மறுக்கிறேன். முதலாவதை மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. இந்தக் கடிதம் எழுதப்படுவது அதற்காகத்தான்.

அறிக்கையில் அக்காவைப் பற்றி ஓர் எண்ணும் வயதும் மட்டுமே உள்ளன. தொழில் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. முதலில் அதை நிரப்புகிறேன்.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். ஆளுயர இயந்திரங்கள் ஆறு. அவற்றில் மூன்று அவள் பொறுப்பு. எந்தப் படுக்கை விரிப்பைப் பார்த்தாலும் அது எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். அதற்குமேல் எதையும் வீட்டில் சொல்ல மாட்டாள். அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் லாரி எடைமேடையில் எழுத்தர். வரும் வண்டிக்கு ஒரு சீட்டு, போகும் வண்டிக்கு ஒரு சீட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். வீட்டிலும் எந்தக் காகிதத்தையும் நான் எறிந்ததில்லை. அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் ரெக்கார்டு ரூம்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, சலவைக்கூடம் பள்ளத்தில். ஏழு ஆண்டுகளுக்கு முன் குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டி மூன்று மாதம் அப்படியே போட்டுவிட்டார்கள். எல்லோரும் சுற்றிப் போனார்கள். அக்கா பாறைகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை இறக்கினாள். முதல் நாள் முழங்கையெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றாள்.

“சுத்திப் போனா என்னக்கா குறைஞ்சு போயிடும்?”

“சுத்திப் போனா நாப்பது நிமிஷம்டா. இதுல ஆறே நிமிஷம். அந்த ஆறு நிமிஷம் துணி ஞாபகம் இல்ல, மெஷின் ஞாபகம் இல்ல, உன் ஞாபகமும் இல்ல. எவ்வளவு நிம்மதி தெரியுமா!”

சாலை சரியான பிறகும் அவள் சாலைக்குத் திரும்பவில்லை. முப்பத்தேழு வயதில் தங்கள் சங்கத்தில் சேர்ந்தாள். சரிவில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அங்கே அவளைச் சோப்பு அக்கா என்றார்கள். அவளுடைய வண்டியைப் பழுது பார்ப்பதற்காக, நூலகத்திலிருந்து எடுத்த ஒரே புத்தகத்தை மூன்று முறை படித்து நான் சைக்கிள் வேலை கற்றேன். எனக்கு வேறு ஆசான் இல்லை. தங்கள் அறிக்கை என்னைப் “பயிற்சி பெறாதவர்” என்று குறிப்பிடுகிறது, அதை மறுக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் அவள் முள் வைத்த தட்டைப் பெடலில்தான் ஓட்டினாள். சென்ற ஆண்டு ஜூனில், பாறைப் படிகளில் கால் துள்ளிப் பெடலை விட்டு விலக, திரும்பி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. ஏழு தையல். அப்போதுதான், ஷூவையே பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வேண்டும் என்றாள். ஷூவின் அடியில் விரலளவு இரும்புத் துண்டு ஒன்றைத் திருகியிருப்பார்கள். அதற்குப் பெயர் கிளீட். அழுத்தினால் அது பெடலில் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பெடலிலுள்ள ஒரு திருகு தீர்மானிக்கிறது.

மூன்று வாரம் படித்து நான்கு பக்கம் குறிப்பெழுதிக்கொண்டு, வேலை முடிந்த மாலையில் அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். நாளெல்லாம் நின்று வேலை செய்பவளுக்கு மாலையில் பாதம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பளபளவென்று மெல்லிய ஷூ.

“என்ன தம்பி இது? மலையில இறங்கவா, மாப்பிள்ளை பாக்கப் போகவா?” என்றாள் அக்கா.

“இது ரோட்டுல ஓட்டறவங்களுக்கு. நீங்க சரிவுன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா.”

நான் நோட்டைப் பிரித்து வாசித்தேன். சரிவில் விழுந்தால் எழுந்து நடக்க வேண்டும். ஆகவே அடியில் கனமான ரப்பர் வேண்டும். கல் தெறிக்கும், விரல்முனையில் காப்பு வேண்டும். குதித்து இறங்கும் அதிர்ச்சியை விரல்கள் தாங்காது. கிளீட்டை நடுப்பாதத்தை நோக்கி நகர்த்தும் அளவுக்கு, அதைத் திருகும் பள்ளமான காடி நீளமாக இருக்க வேண்டும். பெடலைச் சுற்றி அகலமான சட்டம் வேண்டும். பூட்டு சிக்காத நேரத்திலும் பாதம் நிற்க இடம் இருக்கும்.

“சார் எங்க கடை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இவனா? கடை வெச்சா உள்ள வர்றவங்களுக்கு ஒரு சீட்டு, வெளிய போறவங்களுக்கு ஒரு சீட்டுன்னு கிழிச்சிட்டு நிப்பான். யாவாரம் எங்க நடக்கும்?”

சாம்பல் நிற ஷூவும் அகலச் சட்டம் வைத்த பெடலும் வாங்கினோம். ரசீது இணைப்பு ஒன்று.

மறுநாள் எங்கள் சந்தில் சுவரைப் பிடித்தபடி பழகினாள். பூட்டி, திருப்பி, விடுவித்து. நின்ற வண்டியிலிருந்தே மூன்று முறை மரம் சாய்வதுபோல் சாய்ந்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, “ஓடற வண்டியில விழறவங்களைப் பாத்திருக்கேன், நிக்கற வண்டியில விழறவளை இப்பத்தான் பாக்கறேன்” என்றார். அக்கா தரையில் கிடந்தபடியே என்னைக் கேட்டாள்.

“டேய் ரெக்கார்டு ரூம், விழுந்ததுக்கும் தேதி போட்டாச்சா?”

போட்டிருந்தேன். அந்தப் பக்கம் இணைப்பு இரண்டு.

இனி, இறுக்கம். அந்தத் திருகு மொத்தம் பன்னிரண்டு படி போகும். ஒவ்வொரு படிக்கும் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். நான் நான்கில் வைத்தேன். டிசம்பரில், பாறைப் படிகளில் வலது கால் கழன்றுவிட்டது என்று சொல்லி எட்டாக்கக் கேட்டாள். மறுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் ஆறில் வைத்து, அவளையே ஐம்பது முறை விடுவிக்கச் சொல்லி எண்ணினேன். ஐம்பது முறையும் விட்டது. தேதி, படி, எண்ணிக்கை, கீழே அவள் கையெழுத்து: இணைப்பு மூன்று. பன்னிரண்டில் ஆறு “அளவுக்கு மீறிய” இறுக்கம் அன்று. வண்டியைப் பத்தொன்பது நாள் கழித்துத் திருப்பித் தந்தீர்கள். அதில் வலது பெடல் இல்லை. திருகைத் தொடாமல் அதைத் தந்தால் படியை எண்ணிக் காட்ட முடியும்.

ஒரு பழக்கத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். போட்டிக்கு முன் காலையில் ஓட்டுநர்கள் பாதை முழுவதையும் நடந்து பார்ப்பார்கள். பலர் ஓட்டும் ஷூவிலேயே நடப்பார்கள். அக்காவை நான் அப்படி நடக்க விட்டதில்லை. கிளீட்டின் ஓரத்தில் சிறு கல் ஏறிக்கொண்டால், பூட்டும். ஆனால் திருப்பும்போது விடாமல் போகலாம். ஆகவே சலவைக்கூடத்து நீல ரப்பர் செருப்பில் நடப்பாள். ஷூவை நாடாவால் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். “எல்லாரும் பதக்கம் மாட்டுவாங்க, நான் செருப்புக்கடை மாட்டிட்டுப் போறேன்” என்பாள். ஆனாலும் ஒருமுறைகூட அந்தப் பழக்கத்தை மீறியதில்லை.

அந்த ஞாயிறு எனக்குப் பணி இருந்தது. முந்தின நாள் மாலை அவள் பையை நான்தான் கட்டினேன். பதினான்கு பொருள்கள், ஒவ்வொன்றையும் பைக்குள் வைத்த பிறகே பட்டியலில் அதற்கு நேராக ஒரு குறி. விடியற்காலையில் கிளம்பும்போது, “வெச்சிட்டியாடா எல்லாம்?” என்று கேட்டாள். பட்டியலை நீட்டினேன். பார்க்காமலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நீ குறி போட்டா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி வந்தது. எடைமேடையில் நின்ற லாரியின் சீட்டைப் பாதி எழுதியிருந்தேன். அதன் மூன்று படிகளும் அப்படியே என்னிடம் இருக்கின்றன.

அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, அவளோடு பதினைந்து ஆண்டு வேலை பார்த்த பெண் சலவைக்கூடத்துப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டையும் கால்சட்டையும் துவைத்து, தேய்த்து, மடித்திருந்தன. ஒரு கறை இல்லை.

“வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல. அவ மெஷின்லயே போட்டேன். ஷூவை மட்டும் தொடல. நீங்க வந்து பாக்கணும்னு தோணுச்சு.”

சட்டைப்பையில் அந்தப் பட்டியல் கூழாகி, காய்ந்து, சிறு உருண்டையாக இருந்தது. அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இக்கடிதத்தின் ஒரு படி அவருக்கும் போகிறது.

தங்கள் அறிக்கை வந்த அன்றுதான் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். வலது கிளீட்டின் ஓரத்தில், காடிக்குள், பட்டாணியளவு வெள்ளைக் கல் ஒன்று இறுகியிருந்தது. அதைக் கண்டதும் நான் சிரித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் நடந்தது செருப்பில். மேலே, போட்டி தொடங்கும் இடத்தில் ஷூ மாட்டும்போது கிளீட் சுத்தமாக இருந்திருக்கும். அப்படியானால் விழும்போது கால் விடுபட்டுத் தரையில் ஊன்றியிருக்கிறது. கல் அப்போதுதான் ஏறியிருக்கிறது. என் ஆறு படி வேலை செய்திருக்கிறது. பத்து நாள் அந்தக் கல்லை நம்பிச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அதன் பிறகு, அவள் செருப்பில் நடந்ததை நிரூபிக்க நீலச் செருப்பையும் இணைக்க எண்ணி, வண்டியோடு திரும்பி வந்திருந்த அவளுடைய பையைக் கொட்டினேன். அவள் அணிந்திருந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் பதின்மூன்று பொருள்கள் இருந்தன. செருப்பு ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் கழுவிக் காயவைத்திருந்தாள். அன்று மாலை திரை விலகியிருந்தது, செருப்பு ஈரமாக இருந்தது. காய்ந்ததும் வைத்துக்கொள்ளலாம், கண்ணெதிரேதானே இருக்கிறது என்று நினைத்து முன்கூட்டியே குறி போட்டேன். என் வாழ்நாளில் செயலுக்கு முன் நான் போட்ட ஒரே குறி அது.

அன்று போட்டியில் ஓட்டிய தங்கள் சங்கத்தவர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“காலையில அக்கா நடந்தாங்களா தம்பி?”

“நடந்தாங்கண்ணா. ஜோக்கடிச்சுக்கிட்டே வந்தாங்க.”

“கால்ல என்ன போட்டிருந்தாங்க?”

“அதை யாருண்ணா பாத்தா?”

ஆகவே கல் இரண்டு விதமாகவும் பேசுகிறது. கால் வெளியே இருந்தது என்றால், கல் விழுந்தபோது ஏறியது, நான் குற்றமற்றவன். கால் பெடலிலேயே இருந்தது என்றால், கல் காலையில் நடந்தபோது ஏறியது. அவள் திருப்பியும் பூட்டு விடவில்லை. அப்போது தங்கள் அறிக்கை காரணத்தில் தவறு, ஆளில் சரி. என்னைத் தவிர யாருக்கும் தெரியாத இச்செய்தியை நானே எழுதித் தருகிறேன். ஆவணங்களில் எனக்கு வேண்டியதை மட்டும் இணைப்பது என் வழக்கமன்று. செருப்பின் புகைப்படம் இணைப்பு நான்கு, கல்லின் புகைப்படம் இணைப்பு ஐந்து.

அக்கா விழுந்தது பாதையின் நான்காவது திருப்பமான நான்காம் முனையில். அங்கே கொடியோடு நின்ற தங்கள் சங்கத்தின் பாதைக் காவலர்தான் முதலில் அவளிடம் போனவர். “விடுபடவில்லை” என்று எழுதிய தாங்கள் அப்போது அடிவாரத்தில் இருந்தீர்கள். காவலரின் வாக்குமூலம் அறிக்கையில் இல்லை. மூன்று முறை நேரில் வந்தேன். மூன்று முறையும், “விடுங்க சார், போனவங்க போயாச்சு, இதையெல்லாம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றீர்கள்.

என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது கால் வெளியே இருக்கிறது; விளக்கைப் போட்டு அந்தத் திரையைப் பார்த்ததும் கால் பெடலில் இருக்கிறது. இப்படி எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை.

ஆகவே நான் கோருவது: வலது பெடலைத் திருகைத் தொடாமல் திருப்பித் தர வேண்டும். நான்காம் முனைக் காவலர் அவளை அடைந்தபோது வலது கால் பெடலில் இருந்ததா, வெளியே இருந்ததா என்பதை அவரே தம் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு சொல் போதும். எந்தச் சொல்லாக இருந்தாலும் பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்புவேன். அதன்மேல் தங்களை எதுவும் கேட்க மாட்டேன். வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். வாய்மொழியாகச் சொன்னால் எனக்கு வேண்டியபடி நினைவில் வைத்துக்கொள்வேன். எழுத்தில் தாருங்கள்.