ஜன்னலோரப் பெண்

மயிலாப்பூர் தெப்பக்குளப் படிக்கட்டில் மகள் என்னைச் செல்போனில் படமெடுத்தாள். அந்தக் க்ளிக் சத்தம் கேட்டதும் என் கட்டைவிரல் தானாகக் காற்றைத் திருகியது. அது அப்பாவின் பழக்கம்.

எழுபதுகளில் அப்பா தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஞாயிறானால் பெட்டி கேமராவோடு கிளம்பிவிடுவார். ரிக்‌ஷா, பூக்காரி, பஸ்ஸில் தொங்கும் கூட்டம் என்று ஊரையே எடுப்பார். எங்களை மட்டும் எடுக்கமாட்டார். அந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபிலிமைத் திருகி நகர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த படமும் அதன் மேலேயே விழும்.

ஒருநாள் அம்மா அடம்பிடித்து, பட்டுச்சேலை கட்டி, இதே படிக்கட்டில் நின்றாள். கழுவி வந்த படத்தில், அதற்கு முன் ஆழ்வார்பேட்டையில் எடுத்த பஸ் அம்மாவின் மேலேயே விழுந்திருந்தது. அப்பா திருக மறந்துவிட்டார்.

“என்னைய எந்த ஊருக்குங்க பஸ் ஏத்தி விட்டீங்க?” என்றாள் அம்மா. கோபமா, கேலியா, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“அடுத்த வாரம் வேற எடுத்துருவோம், விடு,” என்றார் அப்பா. அம்மா மறுபடி கேமரா முன் நிற்கவே இல்லை.

அம்மா போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. மிஞ்சியது அந்த ஒரு படம்தான். சேலைக்கரை தெரிகிறது, வளையல் தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பஸ் ஜன்னலோரம் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த முகத்தில் மின்னும் மூக்குத்தி அம்மாவுடையதா, அவளுடையதா? கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் இப்போதெல்லாம் அவள்தான் வருகிறாள்.

“பாரும்மா, நல்லா வந்திருக்கு,” என்று மகள் போனை நீட்டினாள்.

பார்த்தேன். எனக்கு அந்த ஜன்னலோரப் பெண்ணின் சாயல்.