பம்ப் ஷெட் கூரையிலிருந்து எடுத்த படம்

யானைப் படம் எடுக்கிறவர்கள் முதுமலை, பந்திப்பூர் என்று போவார்கள். எனக்கு அதற்கு லீவும் கிடையாது, பொறுமையும் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய், களைத்துப்போய் தங்க வயலில் ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்புக்குத் திரும்புகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்னுடையது. அன்று சர்ச்சுக்கு வராமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று வீட்டில் மூஞ்சி தூக்கல் வேறு.

யானைகள் எங்கள் பக்கத்துக்கே வருகின்றன. ராகி கதிர் விடும் சமயத்தில் எல்லைக் காட்டிலிருந்து இறங்கி, பகலில் ஏதாவது ஒரு தைலமரத் தோப்பில் ஒதுங்கி நிற்கும். பூதிகோட்டைப் பக்கம் ஒரு விவசாயி தன் பம்ப் ஷெட் கூரைமேல் ஏறிப் படம் எடுக்க என்னை விட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். யானை வந்தால் விடியற்காலையிலேயே எனக்குப் போன் செய்வார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். பகல்ல அதுங்கள சும்மா உட்டா சாயங்காலம் வந்த வழியே போயிடும். கூட்டம் சேந்தா மெரண்டு எங்க ஊட்டுப் பக்கம்தான் ஓடியாரும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறும் ஒரு குட்டியுமாகத் தோப்போரம் நின்றன. முன்னால் ராகி, பின்னால் வெகுதூரத்தில் எங்கள் சயனைடு மேடு. சுரங்கத்தில் அரைத்துக் கொட்டிய மண், காலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. பெரிய லென்ஸில் அந்த மேடு யானையின் முதுகுக்கு மேலேயே வந்து நின்றது. இப்படி ஒரு படம் என் வாழ்க்கையில் அமைந்ததில்லை.

ஒன்பது மணிக்கு வீட்டில் டீ குடித்துக்கொண்டே அதை எங்கள் ரயில் குரூப்பில் போட்டேன். ஒரே பெட்டியில் தினமும் இடம் பிடித்து உட்கார்ந்து வரும் ஆட்கள்தான் அதில் இருக்கிறார்கள். நான் ஒன்றும் முட்டாள் இல்லை என்ற நினைப்பு எனக்கு. படத்திலிருந்து லொகேஷனை நீக்கிவிட்டேன். ஊர்ப் பெயர் எழுதவில்லை. "எங்கோ ஓரிடத்தில்" என்று மட்டும் போட்டேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அது வெறும் மண்மேடு. தங்க வயல்காரனுக்குத் தெரியாதா? ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து தினமும் அந்த மேட்டைப் பார்த்த அப்பன்மாரின் பிள்ளைகள் நாங்கள். மழை அரித்த பள்ளம் எந்தப் பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. கால்மணி நேரத்தில் குரூப்பில் ஒருவர், ஓய்வுபெற்ற சுரங்கக்காரரான தன் அப்பாவிடம் படத்தைக் காட்டிவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"இன்னா மாமு, எங்களுக்கே கண்ணாமூச்சியா? பள்ளம் ரெண்டும் ஒண்ணா சேந்து தெரியுது. பூதிகோட்டை ரோட்டுல இருந்துதான் அப்படித் தெரியும்னு அப்பா சொல்றாரு."

நான் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். மறுக்கவில்லை. உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு குரூப் ஆட்களே எடுத்துக்கொண்ட படம் வந்தது. சர்ச் உடுப்போடு பிள்ளை குட்டிகள், பின்னால் அந்தத் தோப்பு. அதைப் பார்த்ததும் பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன். போவதற்குள் ரோடு முழுக்க வண்டிகள் நின்றன. யாரோ விசில் அடித்தான். யாரோ ஹார்னை விடாமல் அமுக்கினான். "கத்தாதீங்க, தள்ளிப் போங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் கத்தலும் அந்தச் சத்தத்தோடுதான் சேர்ந்தது. யானைகள் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு, அந்த விவசாயி சொன்ன மாதிரியே, ராகிக்குள் இறங்கி வீட்டுப் பக்கம் ஓடின.

அவருடைய மனைவி ஓடும்போது வாய்க்காலில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. யானைகள் அவரைத் தாண்டிப் போய்விட்டன. நானும் விவசாயியும்தான் ஆட்டோவில் தூக்கி ஏற்றினோம். "எவன் சொன்னான் சார் இவனுங்களுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நான் அந்த அம்மாவின் காலைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. இதற்கிடையில் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆபீசில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். கைகுலுக்கினார்கள். எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போகவே அருவருப்பாக இருந்தது. நாலாவது ஞாயிறு அந்த விவசாயி வீட்டுக்குப் போனேன். மனைவி உள்ளே கட்டிலில் கிடந்தார். வாசலில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர், "அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார். அதுவரை யாரும் அவருக்கு அதைக் காட்டியிருக்கவில்லை.

போனை வாங்கி வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். யானைகளைப் பார்க்கவில்லை. படத்தின் கீழ் மூலையில் ராகிக்கு நடுவே பழுப்பாக ஒன்று கிடந்தது. அதை விரலால் பெரிதாக்கினார். ஏதோ கோணிப்பை என்று நான் நினைத்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும்போது அதை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"அவதான் சார் இது," என்றார். "அதுங்க நிக்கும்போதே மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு இருந்தா."