நான் சொல்லிக் கொடுக்காத சொல்

என் மகளுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அவளுக்குக் காது குத்திய அன்று, பெரம்பலூரிலிருந்து வந்த என் கணவரின் அக்கா சீர்த்தட்டின் நடுவே ஒரு கொய்யாப்பழத்தை வைத்தார். கிளி கொத்திய பழம். ஊட்டினால் பேச்சு வருமாம். அக்கறையாகக் கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன். அவரோ என் பிறந்த வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "இதையாச்சும் ஊட்டு. எங்க வூட்டுல ஊமைன்னு யாரும் பொறந்ததில்ல" என்றார். என் அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். இருக்கட்டும், இந்தப் பிள்ளையை வைத்தே உங்கள் வாயை அடைக்கிறேன் என்று கருவிக்கொண்டேன்.

அரியலூரில் டாக்டரம்மா பார்த்தார். "காது நல்லா கேக்குது. நெறைய பேசி வெளையாடுங்க. நீங்க கேட்டுட்டு, அவ பதில் சொல்றவரைக்கும் காத்திருங்க" என்றார். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வன்மம்தான் அதைக் கற்றுக்கொடுத்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து சட்டியைத் தட்டி 'டம்' என்போம். சுண்ணாம்புக்கல் லாரி தெருவில் போனால் வாசலுக்கு ஓடி 'பாம் பாம்' என்போம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் "தா" என்றாள். அழுதுவிட்டேன்.

அப்புறம் துண்டால் முகத்தை மூடி, "யாரு?" என்று கேட்டு விலக்கும் விளையாட்டு. அப்பா, தாத்தா, மாமா எல்லோரும் துண்டுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். ஊரில் இல்லாதவர்களை என் கல்யாண ஆல்பத்தில் காட்டினேன். ஒரு படத்தில் கணவரின் அக்கா என் பின்னால் நின்று நாத்தனார் முடிச்சுப் போடுகிறார். அந்தப் பக்கம் வந்தால் உள்ளங்கையால் அவர் முகத்தை மறைத்துவிடுவேன். மகள் என் விரலை விலக்கப் பார்ப்பாள். விடமாட்டேன்.

நாத்தனார் பெரம்பலூரில் புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். அங்கே என் மகள் கூடத்தில் நின்று ஒவ்வொருவராகக் கைநீட்டி மாமா, சித்தி, தாத்தா என்று அழைத்தாள். அவருடைய புகுந்த வீட்டார் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவரும் பட்டுப்புடவை கசங்கத் தரையில் உட்கார்ந்து, "நான் யாருடி தங்கம்? சொல்லு" என்று கையை விரித்தார்.

மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

"சொந்த அத்தையவே தெரியலையே புள்ளைக்கு!" என்று அவருடைய மாமியார் சிரித்தார். நாத்தனார் முகம் சுண்டிப்போனது.

"என்னைய சொல்லிக் குடுக்கலையா நீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க அண்ணி" என்றேன்.

அவர் கண் கலங்கியதை நன்றாகவே பார்த்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.