பேட்ஜை யாருக்குக் குத்துவது

இன்று செய்யூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், மாணவர் தலைவிக்கு பேட்ஜ் குத்த என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். குடிமையியல் பாடத்துக்காகப் பெட்டி வைத்து ரகசிய வாக்கெடுப்பே நடத்தியிருந்தார்கள். கேட்கவே நிறைவாக இருந்தது.

ஆசிரியை ஒரு மாணவியை என் முன் நிறுத்தினார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "ஜெயிச்சது தேன்மொழி அக்காதான? இவங்கள இன்னாத்துக்கு நிக்க வெச்சிகினு கீறாங்க?"

ஆசிரியையைப் பார்த்தேன்.

"ஓட்டு தேன்மொழிக்குத்தான் மேடம் அதிகம். ஆனா விழான்னா இங்கிலீஷ்ல பேசணும், அவளுக்கு வராது. இது சும்மா பாடத்துக்கு வெச்ச எலெக்‌ஷன்தானே."

இங்கிலீஷ் எனக்கும் பிடிக்கும், கான்வென்ட் தந்தது. ஆனால் வாக்கு எண்ணிய பிறகு அதைத் தகுதியாக்கக் கூடாது.

"அப்படின்னா நான் குத்த மாட்டேன்" என்றேன்.

எதிரில் நின்ற மாணவி தலைகுனிந்தபடியே சொன்னாள்: "நானே அவளுக்குத்தான் மேடம் ஓட்டு போட்டேன். அவளுக்கே குத்துங்க."

கடைசி வரிசைக்குப் போய், தேன்மொழியைக் கைப்பிடித்து அழைத்து வந்தவளும் அவள்தான். குத்தினேன். ஆசிரியை கை தட்டவில்லை.

அடுத்த வருடம் என்னை அழைக்க மாட்டார்கள். உங்களில் யாரையாவது அழைத்தால், மேடை ஏறுவதற்கு முன் ஜெயித்தது யார் என்று கேட்டுவிடுங்கள்.