மூலை வெட்டிய அட்டைகள்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமாகத் துணிவு வரவில்லை. எழுதித் தருகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. செஞ்சியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவு அறை என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்டி அட்டை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அட்டையின் மூலையைக் கத்தரித்துவிடுவோம். எழுத மாட்டோம். அவசரத்தில் கண்ணில் பட்டாலே போதும் என்பது எங்கள் வழக்கம். ஜனங்களும் வாய் திறந்து சொல்வதில்லை. வெட்டு அட்டை என்றால் ஆஸ்பத்திரிக்கே தெரியும் என்று இருந்துவிடுவார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அட்டைகளில் எழுதியிருந்ததையெல்லாம் அதில் ஏற்றினோம். வெட்டு எழுத்து அல்ல; அதற்கு அதில் இடமில்லை. எனக்கு அது தெரியும். வேலையைச் சீக்கிரம் முடித்தவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அட்டைகளைக் கொளுத்தப் பின்கட்டில் குவித்தோம்.

ஐப்பசி மழையில் தளவானூரிலிருந்து ருக்குமணி வந்தாள். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. ஐந்து மாதக் கர்ப்பம். கம்ப்யூட்டர் தந்த தாளில் எச்சரிக்கை எதுவும் இல்லை. தோலில் போட்டுப் பார்க்கும் சோதனைத் துளிக்கே அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது.

வராந்தாவில் நின்று ஜெபித்தேன். யாரும் என்னைக் கேட்கக் கூடாது, ஆண்டவரே. அதுதான் என் முதல் ஜெபம். எழுதவே கூசுகிறது.

அவள் கணவன் ஏழுமலை வந்தான்.

"சார், அவளுது வெட்டு அட்டையாச்சே. உங்களுக்குத் தெரியும்னு சும்மா இருந்துட்டோம். இன்னா ஊசி போட்டீங்க?"

"அட்டையெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குதுப்பா."

"அவ்ளோ பெரிய மெஷினு. ஒரு கத்தரிக்கோல் வெட்டு தெரியலியா சார் அதுக்கு?"

அவன் போன பிறகு அங்கேயே மண்டியிட்டேன். கர்த்தாவே, அவளைக் காப்பாற்றும், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் பிழைப்பாளா என்று தெரியும் முன்பே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் எத்தனை பேர்?"

தெரியாது என்றேன். பின்கட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் தீப்பெட்டியோடு நின்றிருந்தார். "ஒரே ஈரம் சார். காலைலேர்ந்து பாக்கறேன், பத்த மாட்டேங்குது" என்றார். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மாலையில் ருக்குமணிக்கு மூச்சு திரும்பியது. பிள்ளை தங்கவில்லை. அதற்காகவும்தான் ஜெபித்தேன். கிடைக்கவில்லை.

வேலையை விடும் முன், மூலை வெட்டிய அட்டைகளைப் பொறுக்கி எடுத்து ஊர் ஊராகப் போனேன். வீடு வீடாக நடந்ததைச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். அந்த அட்டைக்காரர்களில் யாருக்கும் பிறகு அந்த மருந்து ஏறவில்லை. அதற்காகத் தினமும் ஸ்தோத்திரம் செய்கிறேன். ருக்குமணி இன்றுவரை என்னோடு பேசியதில்லை. பேசச் சொல்லிக் கேட்க எனக்கும் உரிமையில்லை.

தப்பை மறைக்கச் சொல்லி இப்போது முழங்காலில் இருப்பவர் யாராவது இதை வாசித்தால், எழுந்திருங்கள். முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டதெல்லாம் தருவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காதுகொடுத்துக் கேட்காமல் விட மாட்டார்.