அடுப்புக்கு மேலே ஒட்டிய அறிவியல்

என் பெட்டியில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தின் கடைசித் தாள். ஒரு பக்கம் கஞ்சிப் பசை காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். ஓரத்தில் சாணிக் கறை. பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் எழுத்து அதில்தான்.

அது என் அண்ணியின் தாள். எட்டாவது தனித்தேர்வு எழுதினால் பால்வாடி வேலைக்கு மனுப் போடலாம், வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது என்று பரபரத்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர் கடையில் வாங்கிய, தையல் விட்டுப்போன புத்தகம். உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? தாள் தாளாகப் பிரித்து, வேலை செய்கிற இடத்திலெல்லாம் கஞ்சி தடவி ஒட்டினார். மாட்டுக்கொட்டகைத் தூணில் வரலாறு. அடுப்புக்கு மேலே சுவர் முழுக்க அறிவியல். ஒரு பக்கம் மனப்பாடமானதும் தண்ணீர் தொட்டு உரித்து, திருப்பி ஒட்டுவார். பிள்ளை அழும், மாடு கத்தும், என் அம்மா கத்துவாள். அண்ணியின் உதடு மட்டும் நிற்காமல் அசையும்.

"சொவத்தயே பாத்துக்கினு இருந்தா சோறு தானா வடியுமா?" என்பாள் அம்மா.

"சோறு கொழஞ்சா துன்னுடலாம் அத்தே. பாடம் கொழஞ்சா இன்னா பண்றது?"

இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த சமயம் அது. கள்ளக்குறிச்சி ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. போலீசுக்குப் பயந்து எங்கள் ஊர் ஆம்பிளைகள் கல்வராயன் மலை அடிவாரத்துக்கு ஓடியிருந்தார்கள். என் அண்ணனும் அங்கேதான். அவருக்குச் சோறு கொடுக்க அண்ணி போயிருந்த மத்தியானத்தில், பக்கத்து வீட்டுக்காரி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"ஜீப்பு வருதுடி! வூட்ல போராட்ட நோட்டீசு இருந்தா எரிச்சிடுங்க! இருக்கிறவங்களத் தூக்கிக்கினு போறாங்களாம்!"

நோட்டீசையும் கஞ்சியில்தான் ஒட்டுவார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த நோட்டீசும் சரி, இருதயப் படம் போட்ட தாளும் சரி, எனக்கு எல்லாம் அச்சடித்த காகிதம். எது எதென்று அம்மாவுக்கும் தெரியாது. "ஒண்ணு வுடாத, கிழிடி!" என்றாள். தோசைத் திருப்பியால் சுரண்டிச் சுரண்டி அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. ஜீப் எங்கள் தெருவில் நிற்கக்கூட இல்லை.

அண்ணி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பரீட்சைக்கு ஆறு நாள்.

"எல்லாத்தயுமாடி?"

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் உலை வைத்தார். காகிதம் இருந்த இடமெல்லாம் சுவரில் வெள்ளைச் சதுரங்கள். அதையே பார்த்தபடி, "இந்தக் கட்டத்துல இருதயம், இதுல நுரையீரலு, இதுல..." என்று விரலை நகர்த்தினார். விரல் ஒரு சதுரத்தில் நின்றுவிட்டது. நகரவே இல்லை. ஆறு நாளும் அப்படித்தான். வெறும் சுவரை அப்படிக் கண் கொட்டாமல் படித்த ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பரீட்சை அன்றும் எங்கள் பக்கம் பஸ் ஓடவில்லை. விழுந்து கிடந்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி விடியலிலிருந்து நடந்தோம். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த நின்றுபோன இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

எல்லாப் பாடமும் தேறினார். அறிவியல் தவிர. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது தாண்டிவிட்டது. கரும்பு வெட்டப் போனார், இருபது வருஷம்.

எரித்த கைக்கு எழுத்து தெரிந்தாக வேண்டும் என்று, தூணில் தப்பிய அந்தத் தாளை வைத்து நானே படிக்கக் கற்றேன். இன்று என்னிடம் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. போன் ஒரு தடவை மினுக்கினால் படித்த வரி மறந்துபோகிறது. அப்போதெல்லாம் அந்த வெள்ளைச் சதுரங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

போன மாதம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் வாய் வரவில்லை. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"அட, இது பாஸான பாடம்டி. எனக்கு இன்னாத்துக்கு? நீயே வச்சிக்க."

என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேஸ் அடுப்பின் பக்கம் திரும்பினார். மேலே வழவழவென்று டைல்ஸ். சோறு கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.