வசந்திக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்

என் அண்ணன் தன் மனைவியின் கழுத்தை நெரித்தான். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் வேண்டுமென்றே தவறான சொல்லைக் கற்றுக்கொடுத்தேன்.

'நெரித்தார்' என்று எழுதத்தான் கை போகிறது. இத்தனைக்குப் பிறகும் மரியாதை! என்னை லண்டனுக்கு எடுப்பித்தவர், தாதிப் படிப்புக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். இது சாக்கு அல்ல... ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் நெஞ்சுநோய் வார்டில் வேலை பழகினேன். மூச்சுக்கு வெள்ளைக்காரனிடம் இத்தனை சொற்களா என்று வியந்தேன். ஓடிக் களைத்தவனுடைய மூச்சு 'பான்ட்'. திடுக்கிட்டு உள்ளே இழுப்பது 'காஸ்ப்'. சுவாசப்பைக்குள் விசில் அடித்தால் 'வீஸ்'. தொண்டையில் ஏதும் அடைத்தால் 'சோக்'. இன்னொருவரின் கை அடைத்தால் 'ஸ்ட்ராங்கிள்'. எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அண்ணன் வீட்டில் டொக்டர், கவுன்சில், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் நான்தான் வாய். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. ஆம், பிடித்திருந்தது!

வசந்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் தடவை நடந்தபோது அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை. வெம்பிளியில் டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கழுத்தில் விரல் பதிந்த இடங்கள் தெரியாமல் என் மஃப்ளரை நானே சுற்றிவிட்டேன்.

"கழுத்தை நெரிச்சவர், டொக்டர். மூச்சு நிண்டு போச்சுது," என்றாள் தமிழில்.

டொக்டர் என்னைப் பார்த்தார். இவளுக்கு இரவில் வீஸ் வருகிறது என்றேன். வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா... அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மஃப்ளரை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஒரு நீல இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"எனக்கு முட்டு வருத்தம் இல்லையே, மச்சாள். இது என்னத்துக்கு?"

"இழுத்தால் சுகமாக இருக்கும், இழும்," என்றேன்.

அவள் நம்பினாள். அதனால்தான் கேட்டாள்: "கழுத்தை நெரிக்கிறதுக்கு இங்கிலீசில என்ன, மச்சாள்? ஆரும் வந்து கேட்டால் சொல்ல வேணும். ஒரு சொல் போதும்."

எங்கள் வீட்டு விசயம் வெள்ளைக்காரனுக்கு எதற்கு? அண்ணனைப் பொலிஸ் கொண்டுபோனால் ஊரில் அம்மா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா? இப்படியெல்லாம் யோசித்தேனா, அல்லது யோசிக்கவே இல்லையா? "வீஸ்" என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினாள். உச்சரிப்பை நான் திருத்தியும் விட்டேன்... பாவி!

அடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சாப்பிட வந்திருந்தேன். கறியில் உப்புக் கூடிவிட்டதாம். அண்ணன் எழும்பினார். அவளைப் பிரிட்ஜோடு சாத்தி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். அவளுடைய குதிக்கால் நிலத்தில் அடித்தது. முகம் கறுத்தது. கண் என்னையே பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பை அணைத்தேன். கறி அடிப்பிடித்துவிடுமே என்று!

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக் குஜராத்தி அம்மா பொலிசைக் கூப்பிட்டிருந்தா. அண்ணனின் கை தளர்ந்தது. வசந்தி விழுந்தெழும்பி ஓடிக் கதவைத் திறந்தாள். தனக்கிருந்த அந்த ஒரே சொல்லை, இருந்த மூச்செல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"ஹஸ்பண்ட்... வீஸ் மீ! ஹஸ்பண்ட் வீஸ் மீ!"

இளம் பொலிஸ்காரன் விளங்காமல் என்னைப் பார்த்தான். ஆஸ்துமா என்றேன். சண்டை ஒன்றுமில்லை, மூச்சு முட்டினால் இவள் பயந்து கத்துவாள் என்றேன். நான் தாதி என்றும் சொன்னேன். பிரிட்ஜின் மேலிருந்த இன்ஹேலரை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் இன்ஹேலரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

பொலிஸ்காரன் அவளைக் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் கதவைப் பூட்டத் திரும்பினார்.

"நீ போ," என்றார் என்னிடம்.

போனேன். கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்! படியில் இறங்கும்போது மேலே எதுவோ சுவரில் மோதியது. பிறகு மறுபடியும்... நான் திரும்பவில்லை.

அம்புலன்சைக் கூப்பிட்டதும் கீழ்வீட்டு அம்மாதான். குரல்வளை நொறுங்கியிருந்தது. அவளால் பேச முடியாது, அதனால் ஆஸ்பத்திரியிலும் நான்தான் வாய். படியில் விழுந்துவிட்டாள் என்றேன். வசந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கிருந்து எங்களிடம் வரவே இல்லை, யாரோ ஒரு பெண்கள் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்களாம்.

தொண்ணூறுகளில் ஒருநாள், லண்டனில் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவளைக் கண்டேன். கழுத்தில் ஒரு துணி. என்னைக் கண்டதும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன்... துப்பியிருக்கலாம்!

வாய் திறந்தபோது குரல் இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ஸ்ட்ராங்கிள்," என்றாள். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. "இப்ப எனக்குத் தெரியும், மச்சாள்."

அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுப் போங்கள். அண்ணன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். "உப்புக் காணுமோ, கூடிப்போச்சோ, அண்ணை?" என்று கேட்டுக் கேட்டு நான் பரிமாறுகிறேன்.